மூன்று வயதில் இதய அறுவை, இருபத்தாறில் மயக்கம்: விரதம் காரணமா, வேறு ஏதாவதா?

புலப்படம் (திருப்பாதிரிப்புலியூர், கடலூர்)
ஞாயிறு, இரவு 9.40

நில அளவைத் துறையில் முப்பத்து நான்கு வருடம் சங்கிலி பிடித்து ஓய்வு பெற்றவன் நான். அளந்து பார்க்காமல் எதையும் நம்ப மாட்டேன் என்று வீட்டில் கேலி செய்வார்கள். அப்படிப்பட்டவன், அளக்க வேண்டிய ஒன்றைப் பன்னிரண்டு வருடமாக அளக்காமல் விட்டிருக்கிறேன். அந்தப் பயத்தில்தான் எழுதுகிறேன்.

என் மகளுக்கு 26 வயது. கைக்குழந்தையாக இருந்தபோது அழுதால் உதடும் நகமும் நாவற்பழம் தின்றது போல் ஆகிவிடும். நடக்கத் தொடங்கியபின் தெருவில் நாலு எட்டு ஓடுவாள், சட்டென்று குந்திக்கொள்வாள், மறுபடி ஓடுவாள். அது ஏதோ விளையாட்டு என்று நாங்கள் சிரித்ததை இப்போது நினைத்தாலும் கூசுகிறது. இதயத்தின் கீழறைகளுக்கு நடுவே ஓட்டை, நுரையீரலுக்கு ரத்தம் போகும் வழியில் குறுகல். டெட்ராலஜி ஆஃப் ஃபேலட் என்று பெயர் சொன்னார்கள். 2002-ல் சென்னையில் அறுவை. ஓட்டைக்கு ஒட்டுப் போட்டு, குறுகலைத் திறந்துவிட்டார்கள். உதடு சிவந்தது. பள்ளியில் கோகோ ஆடினாள். கடைசியாகக் காட்டப் போனது 2013-ல். அப்போது ஒரு மருத்துவர் 'இனிக் கவலை இல்லை' என்றார். நான் அதை 'இனி வர வேண்டாம்' என்று படித்துக்கொண்டேன்.

போன செவ்வாய் மாலை புதுச்சேரி பஸ் நிலையத்தில், வேலை முடிந்து வந்தவள், கடலூர் பஸ் நகர்வதைப் பார்த்து ஓடியிருக்கிறாள். படியில் கால் வைத்ததும் 'நெஞ்சுக்குள் ஏதோ படபடவென்று அடித்தது' என்பது வரைக்கும்தான் அவளுக்கு நினைவிருக்கிறது. அரை நிமிடம் இருக்கும் என்கிறாள் கூட வந்த தோழி. கண் திறந்ததும் 'பஸ் போய்விட்டதா' என்று கேட்டாளாம். மூக்குக்கண்ணாடி நொறுங்கி, தாடையில் மூன்று தையல்.

செவ்வாய்க்கிழமை விரதம், வெறும் வயிறு, அதுதான் என்கிறாள் என் மனைவி. பக்கத்து கிளினிக்கில் இ.சி.ஜி. எடுத்தார்கள். அறுவை செய்த இதயத்துக்கு இப்படித்தான் இருக்கும் என்று சொல்லி, இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள்.

எனக்குத் தூக்கம் வரவில்லை. 2013-ல் எடுத்த இ.சி.ஜி.யைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். அந்தத் தாள் வெளுத்துவிடும் என்று அன்றைக்கே நகல் எடுத்து வைத்திருந்தேன்; அசல் இப்போது வெறும் வெள்ளைத் தாள். இரண்டையும் மேஜையில் போட்டு, பூதக்கண்ணாடியும் அளவுகோலும் வைத்து அளந்தேன். ஒரு சிறு கட்டம் 40 மில்லி வினாடியாம். அந்தப் பெரிய அலையின் அகலம் பழைய தாளில் மூன்றரைக் கட்டம், புதியதில் நான்கைத் தாண்டுகிறது. ஏறக்குறைய 140, இப்போது 165. ஒரே நிலத்துக்கு இரண்டு புலப்படம் இருந்து எல்லைக்கல் நகர்ந்திருந்தால் எங்கள் துறையில் சும்மா விடமாட்டோம். இதயத்தில் இதற்கு என்ன பொருள்?

இன்னொன்று. அடுத்த மாதம் நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் விருத்தாசலம் பக்கம். அறுவை நடந்தது பற்றி அவர்களிடம் நாங்கள் வாயே திறக்கவில்லை. முடிந்தபின் நிதானமாக மருத்துவரிடம் காட்டிக்கொள்ளலாம் என்கிறார்கள் வீட்டில். காத்திருக்கலாமா?


நாட்டுவைத்தியப் பிரியன்
ஞாயிறு, இரவு 10.15

ஐயா, பயப்பட வேண்டாம். மருதம்பட்டைக் கஷாயம் ஒரு மண்டலம் கொடுங்கள். இதயம் இரும்பு போல் ஆகிவிடும். என் மாமாவுக்குக் குணமானது.


முத்தியால்பேட்டைக்காரி (புதுச்சேரி)
ஞாயிறு, இரவு 11.05

ஐயா, காத்திருக்காதீர்கள். நாளைக்கே கிளம்புங்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன் என்று எழுதிவிட்டுப் போய்விடலாம்தான், ஆனால் அளந்து பார்க்காமல் நம்ப மாட்டேன் என்கிறவரிடம் அது செல்லாது.

எனக்கு 38 வயது. உங்கள் மகளுக்கு இருந்த அதே குறைதான் எனக்கும். ஐந்து வயதில் அறுவை. நீங்கள் ஃபேலட் என்று எழுதிய பெயரை நாங்கள் 'ஃபலோ' என்று சொல்வோம். மார்செய் நகரத்து ஃபிரெஞ்சு மருத்துவர், 1888-ல் ஓட்டை, குறுகல் உட்பட நான்கு குறைகள் சேர்ந்து வருவதை விவரித்தவர். எங்கள் ஊரில் ஃபிரெஞ்சு படித்த பெரியவர்கள் கடைசி எழுத்தை உச்சரித்தால் திட்டுவார்கள். போகட்டும்.

உங்கள் அளவு சரியாகவே இருக்கும் என்று நினைக்கிறேன். குறுகலைத் திறக்கும்போது பெரும்பாலும் அங்கிருக்கும் வால்வு ஒழுகத் தொடங்கிவிடும். நுரையீரலுக்குப் போன ரத்தத்தில் ஒரு பங்கு ஒவ்வொரு துடிப்பிலும் திரும்பி வரும். பத்து, இருபது வருடம் குழந்தைக்கு ஒன்றும் தெரியாது. வலது கீழறை மட்டும் மெல்ல மெல்ல ஊதும். அறை பெரிதானால் மின்சாரம் அதைக் கடக்க நேரம் அதிகம் பிடிக்கும். தாளில் அலை அகலும். இந்த அறுவை ஆனவர்களுக்கு அலை கொஞ்சம் அகலமாக இருப்பது வழக்கம், உங்கள் கிளினிக்கில் சொன்னது அந்த அளவுக்குச் சரி. ஆனால் 1995-ல் லண்டனில் கட்சூலிஸ் என்ற மருத்துவரின் குழு, 180 மில்லி வினாடியும் அதற்கு மேலும் போனவர்களிடம்தான் ஆபத்தான துடிப்புக் கோளாறும் திடீர் மரணமும் கூடுதலாக இருப்பதைக் காட்டியது. உங்கள் கணக்கில் நாலரைக் கட்டம். பிறகு அதே குழு, அகலம் எவ்வளவு வேகமாகக் கூடுகிறது என்பதும் முக்கியம் என்று சொன்னது. ஆகவே 165 என்பதால் நிம்மதி இல்லை. 180 எல்லைக்கல்லும் இல்லை. அதற்கு இந்தப் பக்கமும் ஆபத்து வரலாம், அந்தப் பக்கம் போனவர்கள் எல்லோருக்கும் வருவதுமில்லை.

இனி அந்தப் படபடப்பு. உங்கள் ஊர்ப் பாடலீஸ்வரர் தேர் வீதிகளைச் சுற்றி வந்து நிலைக்கு வருகிறது அல்லவா? நடுவில் கோயில் இருப்பதால்தான் தேரால் சுற்ற முடிகிறது. எங்கள் இதயத்தில் ஒட்டுப் போட்ட இடமும் தையல் தழும்பும் கோயில் மாதிரி. மின்சாரம் அதற்குள் நுழையாது. ஒட்டுக்கும் வால்வுக்கும் நடுவே மிஞ்சியிருக்கும் தசை ஒரு சந்து. துடிப்பு அந்தச் சந்தில் நுழைந்துவிட்டால் தழும்பைச் சுற்றிச் சுற்றி ஓட ஆரம்பித்துவிடும், நிமிடத்துக்கு இருநூறு தடவை கூட. ரத்தம் மூளைக்குப் போகாது, விழுவோம். தானாக நின்றால் எழுந்து 'பஸ் போய்விட்டதா' என்று கேட்போம். நிற்காமல் அது வெறும் நடுக்கமாக மாறினால் கேட்க ஆள் இருக்காது.

நான் 31 வயதில் மாடிப்படியில் விழுந்தேன். எனக்கும் அதுவரை பதினாறு வருடம் எந்த மருத்துவரும் இல்லை. குழந்தைகள் பிரிவில் வயது தாண்டிவிட்டது, பெரியவர்கள் பிரிவில் யாரும் கூப்பிடவில்லை. அப்படி நடுவில் விழுந்து காணாமற்போனவர்கள் எங்களில் நிறையப் பேர்.

எக்கோ, எம்.ஆர்.ஐ., இருபத்துநான்கு மணி நேர இ.சி.ஜி., பிறகு தொடை இடுக்கு ரத்தக்குழாய் வழியாகக் கம்பி அனுப்பி உள்ளே அந்தத் துடிப்பை வேண்டுமென்றே தூண்டிப் பார்க்கும் சோதனை, எல்லாம் எனக்குச் செய்தார்கள். தூண்டியதும் வந்துவிட்டது. அந்தச் சந்தைச் சுட்டு அடைத்தார்கள். வீதியில் குறுக்கே கல் நட்டால் தேர் எப்படிச் சுற்றும்? ஒழுகும் வால்வை மாற்றினார்கள். அப்புறமும் என் கீழறையின் பலம் குறைவாக இருந்ததால் இடது காறை எலும்புக்குக் கீழே ஐசிடி வைத்தார்கள். தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய கருவி. துடிப்பு தறிகெட்டால் முதலில் அதைவிட வேகமாகத் தட்டி மடக்கப் பார்க்கும், முடியாவிட்டால் அதிர்ச்சி கொடுக்கும். ஏழு வருடத்தில் ஒரே ஒரு தடவை கொடுத்தது. ஞாயிறு காலை, மீன் அலசிக்கொண்டிருந்தேன். யாரோ மார்புக்கு உள்ளேயிருந்து உதைத்தது போல் இருந்தது. சட்டி ஒரு பக்கம், வஞ்சிரத் துண்டு ஒரு பக்கம். நான் நின்றுகொண்டுதான் இருந்தேன்.

முதல் ஐசிடி மனிதருக்கு வைக்கப்பட்டது 1980 பிப்ரவரியில், அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில். நீலம் பாரித்த குழந்தைகளுக்கான முதல் அறுவை 1944-ல் நடந்ததும் அதே இடத்தில்தான். அங்கே ஆரம்பித்த கதையை அங்கேயே முடித்திருக்கிறார்கள் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

உங்கள் மகளுக்கு இதெல்லாம் வேண்டும் என்று சொல்லவில்லை. இந்த அறுவை செய்தவர்களில் பத்து வருடத்துக்கு நூறு பேரில் இரண்டு மூன்று பேருக்குத்தான் திடீர் மரணம் என்று கணக்குச் சொல்கிறார்கள். ஆனால் ஓடும்போது படபடத்து மயங்கிய ஒருத்தியை அந்த நூறு பேரோடு சேர்த்து எண்ணக் கூடாது. கோரிமேட்டில் ஜிப்மர் உங்களுக்கு ஒரு மணி நேர தூரம்தான். 2002 அறுவைச் சுருக்கமும் இரண்டு இ.சி.ஜி.யும் கையில் இருக்கட்டும். வெளிநோயாளிச் சீட்டுக்கு வரிசையில் நிற்காமல், மயங்கி விழுந்தாள் என்று சொல்லி அவசரப் பிரிவுக்கே போங்கள்.

மருதம்பட்டை அன்பருக்கு: உங்கள் மாமா நன்றாக இருக்கட்டும். தையல் தழும்பைச் சுற்றும் மின்சாரத்தைக் கஷாயம் நிறுத்தாது.


பெண்ணையாற்றங்கரை (ஓய்வு பெற்ற செவிலியர்)
திங்கள், காலை 5.50

அண்ணா, நீங்கள் சொல்லாமல் சொன்ன ஒன்று என் கண்ணில் பட்டது. கண்ணாடி நொறுங்கியிருக்கிறது, தாடை கிழிந்திருக்கிறது. உள்ளங்கையில் சிராய்ப்பு உண்டா? பாருங்கள். விரதத்திலும் வெயிலிலும் மயங்குகிறவர்களுக்குப் பெரும்பாலும் முன்கூட்டித் தெரியும்: வியர்க்கும், குமட்டும், கண் இருட்டும், எதையாவது பிடித்துக்கொண்டு உட்காரப் பார்ப்பார்கள். கையை ஊன்றக்கூட நேரமில்லாமல் மரம் சாய்வது போல் சாய்ந்தால், அதுவும் ஓடும்போது சாய்ந்தால், அது வேறு.

போய்ச் சேரும்வரை அவள் தனியாக இருக்கக் கூடாது. குளியலறையில் தாழ்ப்பாள் வேண்டாம். ஓட்டம், மாடிப்படி, இருசக்கர வண்டி வேண்டாம். வயிற்றுப்போக்கு, வாந்தி வந்தாலும் உடனே சொல்லுங்கள். உடம்பில் பொட்டாசியம் குறைந்தால் இந்தக் கோளாறு எளிதில் தலைதூக்கும்.

வீட்டில் இருக்கும் எல்லோரும் இதைப் படிக்கட்டும். அவள் விழுந்து, கூப்பிட்டால் பதில் இல்லை, மூச்சும் இல்லை என்றால், அல்லது கரையில் போட்ட மீன் போல் வாய் மட்டும் திறந்து திறந்து மூடினால் (அது மூச்சு அல்ல, ஏமாறாதீர்கள்), ஒருவர் 108-க்குக் கூப்பிடட்டும். இன்னொருவர் அவளைக் கட்டிலில் அல்ல, தரையில் மல்லாத்தி, நெஞ்சின் நடுவில் ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, மேலே மற்றக் கையை வைத்து, முழங்கை மடங்காமல் அழுத்த வேண்டும். ஐந்து சென்டிமீட்டர் உள்ளே போக வேண்டும், ஆறைத் தாண்ட வேண்டாம். நிமிடத்துக்கு நூறு முதல் நூற்றிருபது. ஒவ்வொரு அழுத்தலுக்குப் பிறகும் நெஞ்சு முழுவதும் மேலே வர விட வேண்டும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும், இல்லாவிட்டால் கை தளர்ந்துவிடும். விலா எலும்பு உடையுமே என்று கையை எடுக்காதீர்கள், எலும்பு சேர்ந்துவிடும். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். சாவிக்கொத்தைக் கையில் திணிக்காதீர்கள். எத்தனை பேரை அப்படிச் சாவியும் கையுமாகக் கொண்டுவந்து இறக்கியிருக்கிறார்கள் தெரியுமா! அதிர்ச்சி கொடுக்கும் கருவி வந்து சேர ஒவ்வொரு நிமிடம் தாமதமானாலும் பிழைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஏழு முதல் பத்து வரை குறைகிறது. அழுத்திக்கொண்டே இருந்தால் அந்தச் சரிவு மெதுவாகும். அதற்குத்தான் இத்தனையும்.


புலப்படம்
திங்கள், காலை 6.20

உள்ளங்கையைப் பார்த்தேன் அம்மா. ஒரு கீறல் இல்லை.

கிளம்புகிறோம். முத்தியால்பேட்டை மகளே, ஒரே ஒரு கேள்வி: கல்யாணம்?


முத்தியால்பேட்டைக்காரி
திங்கள், காலை 6.45

எனக்குக் கல்யாணமாகி ஒரு பையனும் இருக்கிறான், ஐயா. அறுவை நன்றாக அமைந்து, இதயத்தின் பலம் போதுமானதாக இருந்தால் எங்களில் பெரும்பாலோர் பிள்ளை பெறலாம். கருத்தரிக்கும் முன்பே சோதித்து, வால்வு மாற்ற வேண்டுமானால் அதை முடித்துக்கொள்வது நல்லது. பிறக்கும் குழந்தைக்கும் இதயக் குறை வரும் வாய்ப்பு நூற்றுக்கு மூன்று, ஐந்து என்றார்கள். 22-வது குரோமோசோமில் சிறு துண்டு குறைந்திருந்தால் அது பாதிக்குப் பாதி ஆகிவிடும். அதற்கு ஒரு ரத்தப் பரிசோதனை உண்டு, கேட்டு வாங்குங்கள்.

சொல்வதா மறைப்பதா என்பதில் என் கருத்து கடுமையானது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். நெஞ்சில் மேலிருந்து கீழ்வரை தழும்பு இருக்கிறது. அதை முதலிரவில்தான் அவன் பார்க்க வேண்டுமா? நாளை அவள் விழுந்தால் பக்கத்தில் இருக்கப்போகிறவன் அவன்தான். 108-க்குக் கூப்பிட வேண்டியவனிடமே மறைத்துவிட்டு அவளை அனுப்புவீர்களா? என் அம்மா மறைக்கச் சொன்னாள். நான், என்னைப் பெண் பார்க்க வந்த அன்றே காபித் தட்டோடு சேர்த்துச் சொல்லிவிட்டேன். இரண்டு இடம் தட்டிப்போனது. மூன்றாவது ஆள் 'இப்போது மூச்சு வாங்குகிறதா?' என்று மட்டும் கேட்டார்.


தவளக்குப்பம் தகப்பன்
திங்கள், பகல் 1.30

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என் மகனுக்கு இந்தக் குறை இல்லை, பெருந்தமனி வால்வு பிறவியிலேயே குறுகல். அவனுக்கும் இந்த ஆபத்து உண்டா?


முத்தியால்பேட்டைக்காரி
திங்கள், இரவு 8.10

குறுகல் கடுமையாக இருந்தால் உண்டு, முக்கியமாக ஓட்டத்திலும் விளையாட்டிலும். ரத்தக்குழாய்கள் இடம் மாறிப் பிறந்து, மேலறையில் தடம் மாற்றும் பழைய வகை அறுவை செய்துகொண்டவர்களுக்கும் உண்டு. தனியாக ஒரு கேள்வி போடுங்கள், இங்கே கலக்க வேண்டாம்.

கருவி வைத்தால் கோயில் வாசலில் சோதனைக் கதவு வழியாகப் போகலாமா என்று எனக்குத் தனிச் செய்தி அனுப்பியவருக்கு: நிற்காமல் கடந்து போங்கள், கைச் சோதனைக் கோலை மட்டும் கருவிமேல் பிடித்துக்கொண்டிருக்க விடாதீர்கள். கைப்பேசியைச் சட்டைப் பையில் அந்தப் பக்கம் வைக்காதீர்கள், ஒரு சாண் தள்ளி இருக்கட்டும்.


புலப்படம்
வெள்ளி, மாலை 5.30

ஜிப்மர் வளாகத்தில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

திங்கள் காலை அவசரப் பிரிவில் இரண்டு தாளையும் நீட்டினேன். பணியில் இருந்த இளம் மருத்துவர் என் பென்சில் கோடுகளைப் பார்த்து, 'யார் அளந்தது?' என்று கேட்டார். இயந்திரம் போட்டிருந்த எண் 166. எனக்கு ஒரு மில்லி வினாடிப் பிழை. அன்றைக்கே உள்ளே சேர்த்துவிட்டார்கள். எக்கோவில் வால்வு நன்றாகவே ஒழுகுகிறது, வலது கீழறை பெருத்திருக்கிறது. செவ்வாய் இரவு அவள் தூங்கிக்கொண்டிருந்தபோது மானிட்டரில் ஏழு துடிப்பு ஒரே ஓட்டமாக ஓடி நின்றது. அவளுக்கே தெரியாது. ஏழுதானே என்றேன். பஸ் நிலையத்தில் அது எழுபதாக இருந்திருக்கலாம் என்றார் மருத்துவர்.

வரும் திங்களன்று எம்.ஆர்.ஐ. அடுத்து அந்தத் தூண்டிப் பார்க்கும் சோதனை. சந்தை அடைப்பதா, வால்வா, கருவியா என்பதை அதற்குப் பிறகுதான் சொல்வார்கள். ரத்தப் பரிசோதனையும் கேட்டோம், எடுத்திருக்கிறார்கள்.

மாப்பிள்ளையின் அப்பாவுக்கு நானே தொலைபேசியில் சொன்னேன். சிறிது நேரம் பேச்சில்லை. 'வீட்டில் கலந்துகொண்டு சொல்கிறேன்' என்றார். அவர் சொல்லவில்லை. நேற்று அந்தப் பையனே மகளைக் கூப்பிட்டு இருபது நிமிடம் பேசினான். என்ன பேசினான் என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. என் மனைவிதான் வார்டு வாசலுக்கும் படுக்கைக்கும் நடந்துகொண்டிருக்கிறாள்.

செவிலியர் அம்மா சொன்னபடி தலையணையை வைத்து வீட்டில் எல்லோரும் அழுத்திப் பழகினோம். என் மைத்துனருக்கு ஒரு நிமிடத்தில் வியர்த்துவிட்டது.

மானிட்டர் கோட்டையே வெறித்துக்கொண்டிருக்கிறேன் என்று மகள் என்னை வெளியே அனுப்பிவிட்டாள். டீ குடித்துவிட்டு ஏழு மணிக்கு மேல் வந்தால் போதும் என்று உத்தரவு. இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கிறது.